ரசீத் கார் பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை குறை சொல்லியிருக்க மாட்டான். சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிய ரசீத், மேலப்பாளையத்தில் கால் வைத்த நாளிலிருந்து கார் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். வாங்குகிற வழியைத்தான் காணோம்.

அவன் கேட்டதும் ஒன்றும் ஆகாயத்தில் தொங்குகிற சாமானில்லை. பழைய ஜப்பான் வண்டி. டர்போ வைத்ததாக இருக்க வேண்டும். தினமும் ஓடினாலும் தாங்க வேண்டும். சவூதியில் ஒரு கம்பெனி முதலாளிக்குப் பல வருஷம் டிரைவராக இருந்தவன் ஆயிற்றே, அவன் வாயைத் திறந்தாலே டர்போதான். வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றும், அந்த விசிறி இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும், அப்புறம் பாருங்கள் இழுப்பை என்று டீக்கடையில் கிளாஸை நகர்த்தி நகர்த்தி விளக்குவான். கேட்டவர்களுக்கு டீ ஆறிப்போகும்.

கார் அவனுக்காக அல்ல, மனைவி ஃபர்ஹத்துக்காக. அவள் சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், பாதி நாள் நின்றுகொண்டேதான் பயணம். "நான் வந்ததும் தெனமும் கார்ல கொண்டு விட்டுக் கூட்டிட்டு வருவேன்" என்று ஒவ்வொரு போனிலும் ரசீத் சொல்லுவான். அவன் உம்மா ஜமீலா பீவி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பாலைவனத்தில் ஓட்டின கைக்கு அம்பை ரோடெல்லாம் ஒரு ரோடா என்று பீடி சுற்ற உட்கார்ந்திருந்த பெண்களிடம் அவள் கேட்டதாகக் கேள்வி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரசீதுக்கு இங்கே வண்டி ஓட்டப் பயம். கொஞ்ச நஞ்சமில்லை, குலை நடுங்குகிற பயம்.

அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டி போவது சாலையின் வலது பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். வந்த புதிதில் மச்சான் காரை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போனான். குறிச்சித் திருப்பத்தில் கை தன்பாட்டுக்கு வண்டியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எதிரே பஸ். அதன் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, "ஏலே, சாவணும்னா தனியாப் போய்ச் சாவுலே, எதுக்குலே என் பஸ்ஸுக்கு வாரே" என்று கேட்டார். ரசீத் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் வந்து, மச்சான் வண்டியில் பேட்டரி வீக் என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்த பஸ் வருகிறது, பக்கத்து சீட்டில் ஃபர்ஹத் உட்கார்ந்திருக்கிறாள். தான் ஓட்டினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவன் மனசு அடித்துச் சொன்னது. சரி, ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா? அந்த ஒரு வேலையை வைத்துத்தான் வீடு கட்டினான், தங்கைக்கு நிக்காஹ் முடித்தான். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டால் தான் யார் என்றே அவனுக்குப் புரியவில்லை.

ஆகவே வண்டிகள் மேல் பழி போட்டான். ஒன்றில் டர்போ விசில் அடிக்கிறது. ஒன்றில் ஆயில் வாடை. ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் ஓட்டியவர் முகம் சரியில்லை. அப்படியும் ஒரு காரணம் சொன்னான் மகராசன்.

வண்ணார்பேட்டையில் பழைய கார் வாங்கி விற்கும் இசக்கிமுருகன் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். அவனுக்கே பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் ரசீதுக்குப் போன் போடாமல் ஃபர்ஹத்துக்குப் போட்டான். "தங்கச்சி, ரெண்டு வண்டி நிக்கி. ரெண்டும் டர்போ. நீயும் கூட வந்தாத்தான் இவன் முடிப்பான். இல்லன்னா கயாமத்து நாள் வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருப்பான்" என்றான். மேலப்பாளையத்துக்காரர்களோடு பழகிப் பழகி, உலகம் அழிகிற நாளுக்கு அவர்கள் சொல்லும் அந்த வார்த்தையெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

ஃபர்ஹத் ரசீதைக் கிளப்பிக்கொண்டு வண்ணார்பேட்டை போய்ச் சேர்ந்தாள். ஒன்று சிவப்பு, பெட்ரோல். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஜாதி. இன்னொன்று கறுப்பு, டீசல். ஏழு பேர் ஏறலாம், நல்ல உயரம்.

"செவப்பு, பெரிய பணக்காரரு ஆசைக்கு வச்சிருந்தது. கால வச்சா பறக்கும். கறுப்பு பறக்காது, ஆனா நிக்காது. எது வேணும், சொல்லுலே" என்றான் இசக்கிமுருகன்.

ரசீத் சிவப்பைச் சுற்றி வந்தான். "வேகத்தடையில எல்லாம் அடி தட்டும்" என்றான். கறுப்பைச் சுற்றி வந்தான். "டீசல் டர்போவ ஓட்டி முடிச்ச ஒடனே நிறுத்தக் கூடாது. கொஞ்சம் ஓட விட்டு ஆற வைக்கணும். நம்ம தெருவுல வாசல்ல வண்டிய உறும விட்டா சும்மா இருப்பாங்களா?"

"அதுக்காக எறங்காம இருப்பியாலே? ஒரு கலிமா சொல்லுத நேரம் ஓட விட்டா ஆறிப்போகுது. ரெண்டையும் ஓட்டிப் பாரு. இன்னைக்கு ஓட்டாம ஒன்னை விட மாட்டேன்" என்று சாவியை நீட்டினான் இசக்கிமுருகன்.

ரசீத் சாவியை வாங்கினான். தலைக்குள் பஸ்ஸின் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கால்கள் பல வருஷப் பழக்கத்தில் சிவப்பு வண்டியின் இடது பக்கத்துக்கு நடந்தன. கதவைத் திறந்தான், உட்கார்ந்தான், சாவியைப் போடக் கையை நீட்டினான். சாவித் துவாரம் இல்லை, ஸ்டீயரிங் இல்லை. டாஷ்போர்டின் மூடிதான் எதிரே இருந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. இறங்கிச் சுற்றிப் போனால் இசக்கிமுருகனுக்குப் புரிந்துவிடும், வண்ணார்பேட்டை முழுக்கச் சிரித்துவிடும். என்ன செய்வது என்று நினைத்து முடிப்பதற்குள் வலது பக்கக் கதவு திறந்தது. ஃபர்ஹத் பர்தாவை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைச் சரி பண்ணினாள், சாவிக்குக் கையை நீட்டினாள்.

"பிஸ்மில்லா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.

"ஓட்டப் போறது தங்கச்சியா? சொல்லவே இல்லையேலே" என்று வெளியே இசக்கிமுருகன் சிரித்தான். ரசீத், ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவைத்தான்.

வண்டி கொக்கிரகுளம் பக்கம் திரும்பியதும் அவன் கேட்டான். "எப்பம் படிச்ச?"

"நீங்க தம்மாம்ல இருக்கும்போது. எங்க சித்ரலேகா டீச்சர் கார்ல. லைசென்ஸும் எடுத்தாச்சு."

"எங்கிட்டச் சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவேன்? போன எடுத்தாப் போதும், நான் வந்து ஒன்னக் கொண்டு விடுவேன், கூட்டிட்டு வருவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அந்த ஆசையில போய் மண்ணப் போடவா?"

முதல் வேகத்தடையிலேயே சிவப்பு வண்டி அடியைத் தேய்த்தது. கொஞ்சம் ரோடு கிடைத்த இடத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று பின்னால் யாரோ பிடித்துத் தள்ளியது போல முன்னே பாய்ந்தது. அவள் உடனே காலை எடுத்துவிட்டாள். "இது மொதல்ல யோசிக்கி. யோசிச்சு முடிச்ச பெறகு நம்மள யோசிக்க விட மாட்டேங்கு" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வேகத்துக்கு ஆசைப்பட்டவனுக்குச் சரி, முதல் மணிக்குப் பள்ளிக்கூடம் சேர வேண்டியவளுக்கு ஆகாது.

கறுப்பு வண்டியில் அவள் குறிச்சி வழியாக அம்பை ரோட்டைப் பிடித்தாள். அந்தத் திருப்பம் வந்ததும் ரசீத் கண்ணை மூடிக்கொண்டான். எதிரே ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து, அதன்பாட்டுக்கு வலது பக்கமாகக் கடந்து போனது. அவன் கை கதவின் பிடியை விடவே இல்லை. அதற்கப்புறம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. ஃபர்ஹத் எதிரே பார்த்தாள், லேசாக மிதித்தாள். வண்டி தாமதிக்காமல், துள்ளாமல், நுகத்தில் கட்டின மாடு மாதிரி சொன்னபடி இழுத்துக்கொண்டு டிராக்டரைத் தாண்டியது.

முன்னீர்பள்ளம் தாண்டி, வாழைத்தோட்டம் பக்கமாக அவள் வண்டியை ஓரங்கட்டினாள். இன்ஜினை நிறுத்தாமல் ஆற விட்டாள்.

"ஃபர்ஹத்" என்றான் அவன். "நான் ஒனக்காக எடத்த விட்டு இந்தப் பக்கம் ஏறல. தெரியாம ஏறிட்டேன். அங்க ஓட்டுன பழக்கம்." பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மச்சான் கார், குறிச்சித் திருப்பம், எலுமிச்சம்பழம், பேட்டரிப் பொய், ராத்திரியெல்லாம் வருகிற பஸ், பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பது, எல்லாம். சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியாமத்தான் ஏறினீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஃபர்ஹத். "சாவியப் போட எடம் தேடினீங்கள்லா, பாத்தேன். நீங்க எறங்கிருவீங்களேன்னுதான் ஓடி வந்து ஏறினேன். நான் ஓட்டுதேன்னு சொல்ல எனக்கும் இத்தன நாளா வாய் வரல."

ரசீத் அவளைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வாய்க்காலில் போட்டது போல இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னான்.

திரும்பி வரும்போது குறிச்சித் திருப்பம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். வண்ணார்பேட்டையில் இசக்கிமுருகன் கண்ணாடியைத் தட்டித்தான் எழுப்பினான்.

"என்னலே, பட்டப் பகல்ல தூங்குத. வண்டி எப்படி, அதச் சொல்லு."

அங்கே இசக்கிமுருகனின் ஆட்கள் நின்றார்கள், கார் பார்க்க வந்த வேறு இரண்டு பேரும் நின்றார்கள். ரசீத் யாரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவகிட்டக் கேளு. அவதான் ஓட்டப் போறா. எனக்கு இங்கன ஓட்டப் பயமா இருக்குலே."

யாரும் சிரிக்கவில்லை. ஃபர்ஹத் கறுப்பு வண்டியின் ஸ்டீயரிங்கைத் தட்டி, "இதுவே போதும்" என்றாள். இசக்கிமுருகன் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இதச் சொல்லவாலே இத்தன வண்டிய என்னக் கழுவ வச்ச?" என்று கேட்டுவிட்டு, கறுப்பு வண்டியின் பேப்பரை எடுக்க உள்ளே போனான்.