இரண்டாவது கட்டில்

புத்தகத்தின் முதுகெலும்பே மனித குலத்தின் முதுகெலும்பு. இந்த வாசகத்தைத் தலைமை நூலகர் தானே யோசித்து, தானே கண்ணாடிச் சட்டம் போட்டு, பைண்டிங் அறைச் சுவரில் தன் கையாலேயே மாட்டியிருந்தார். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்ததால், பழைய அகராதி ஒன்றின் பாதியை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அதன் அடியில் உட்கார்ந்து முப்பது வருடமாகக் கிழிந்த புத்தகங்களைத் தைத்துவந்த பைண்டருக்கும் ஒரு வாசகம் உண்டு: "என் கையில தப்பு நடக்காது." அதற்குச் சட்டம் போடவில்லை. வாயாலேயே தினம் இரண்டு தடவை மாட்டிக்கொள்வார்.

பைண்டர் வீட்டில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவரும், பதிப்பகத்தில் பிழைதிருத்தும் அவருடைய ஆளும் தூங்கினார்கள். இன்னொன்று பைண்டரின் தங்கைக்காகப் போட்டது. அவள் அதில் படுத்ததில்லை, பார்ப்பதற்குத்தான். மாதம் ஒருமுறை வருவாள், "வாடகைக்காரர் சௌக்கியமா?" என்பாள், விறைப்பாக விரித்த அந்தப் போர்வையை ஒரு நோட்டம் விடுவாள், காப்பி குடித்துவிட்டுப் போவாள். பதினோரு வருடத்தில் அந்தப் போர்வையில் ஒரு சுருக்கம் விழுந்ததில்லை.

எவர் எழுதியதிலும் ஒரு கமாவைச் செருகாமல் விடமாட்டார் என்பதால் பிழைதிருத்துபவருக்குக் 'கமா' என்று பெயர். பைண்டரை அவர் 'பசை' என்பார்.

இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு ஜப்பானியப் படக்கதை, மொழிபெயர்ப்பில் வந்த மாங்கா. குடை பழுதுபார்க்கிற ஒருவனும் ரயில் டிக்கெட் பரிசோதகன் ஒருவனும் காதலிக்கும் கதை. முதல் பக்கத்தில் ஒரு காலி பெஞ்சு. அறுநூறாவது பக்கத்தில் இருவரும் ஒரே சமையலறையில் வெங்காயம் உரிக்கிறார்கள். நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை ஒரே நாளில் கேட்டு வந்து சண்டை போட்டவர்கள்தான் பசையும் கமாவும். அன்றிலிருந்து வருடாவருடம் மழை தொடங்கியதும் சாயங்காலம் பத்துப் பக்கம் வீதம் படிப்பார்கள். குடைக்காரன் பேச்சைப் பைண்டர் படிப்பார், பரிசோதகன் பேச்சைக் கமா.

இந்த வருடம் புத்தகம் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. பைண்டர் தானே தைத்து, கனத்த அட்டை போட்டு, தலைப்பைத் தங்க எழுத்தில் பதித்தார். தலைமை நூலகர் புத்தகத்தைத் திறக்காமலே 'பிழையில்லை' என்ற சான்றுச் சீட்டில் கையெழுத்திட, அதை உள்ளட்டையில் ஒட்டினார்கள்.

முதல் நாள் கமா திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டேய் பசை, எடுத்த எடுப்புலயே வெங்காயம் உரிக்கிறாங்கடா. அட்டையை மாத்தி ஒட்டிட்டே. இது வலப்பக்கத்துலேர்ந்து படிக்கிற புத்தகம், மறந்துபோச்சா?"

"என் கையில தப்பு நடக்காது."

"அப்ப ஜப்பான்காரன் கையிலதான் நடந்திருக்கு."

"தலைப்பு எந்தப் பக்கமோ அதான் முன்பக்கம். கதைதான் மனப்பாடமாச்சே, எப்படிப் படிச்சா என்ன? படி."

"உன் வீம்பைத் தைக்க இன்னும் ஊசி செய்யலடா" என்றபடி கமா படிக்கத் தொடங்கினார்.

முதல் வாரம் சர்க்கரை டப்பா எங்கே என்று கமா கேட்டார். டப்பாவை அங்கே வைத்ததே அவர்தான். இரண்டாவது வாரம் அவருடைய பல் துலக்கும் பிரஷ் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தனியாகப் போனது. பிறகு அவருடைய சோப்பில் அவர் பெயர் ஊசியால் கீறப்பட்டிருந்தது. கதையில் குடைக்காரனும் பரிசோதகனும் முதல் முத்தத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போன அன்று, கமாவின் பேச்சிலிருந்து 'டா' விழுந்தது. "கதவைச் சாத்திடுங்க" என்றார். பைண்டர் கேலி என்று நினைத்துத் திரும்பினார். கமாவின் முகத்தில் கேலி இல்லை. மரியாதை இருந்தது.

சுவரில் இருவரும் தோளோடு தோள் உரசி நிற்கும் கடற்கரைப் போட்டோ. அதில் தோள்களுக்கு நடுவே ஒரு விரலளவு கடல் தெரிந்தது. மறுநாள் இரண்டு விரலளவு. அந்த வாரக் கடைசியில் ஒரு முழு அலை.

தங்கை வந்தபோது இரண்டாவது கட்டிலில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. போர்வை கசங்கியிருந்தது. அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.

"என்னண்ணே, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

பதினோரு வருடமாக யாருக்காக விரித்தோம் என்று பைண்டர் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாடகைக்காரர்" என்று ஊருக்குச் சொன்னது இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து தனி சோப்பு வைத்துக் குளித்துக்கொண்டிருந்தது.

"இனிமே மறுபக்கத்துலேர்ந்து படிப்போமா?" என்று அன்று கெஞ்சினார்.

"தலைப்பு இந்தப் பக்கம்தானே இருக்கு" என்றார் கமா பணிவாக. "பிழையில்லைன்னு சீட்டு வேற ஒட்டியிருக்காங்க. எடுத்ததைப் பாதியில விடறது என் தொழிலுக்கு அழகில்லீங்க." அதன்பிறகு அவர் தனியாகவே படித்தார்.

ஒரு காலையில் பைண்டர் சமையலறை மேசையருகே இருந்தார். கையில் பெட்டியோடு கமா வந்தார். பதினோரு வருடமாகத் தான் உட்கார்ந்துவந்த நாற்காலியின் முதுகை ஒரு விரலால் தொட்டார்.

"மன்னிக்கணும். இங்க யாராவது உட்கார்றாங்களா?"

பைண்டரின் கையில் டம்ளர் நின்றுவிட்டது. கதையில் பரிசோதகன் பேசும் முதல் வரி அது. தலைகீழாக வந்தால் கடைசி வரி. அதற்கப்பால் மிச்சம் காலி பெஞ்சு மட்டும்தான்.

"ஒரு பக்கம் பாக்கி" என்றார் கமா. "சாயங்காலம் முடிச்சுட்டுக் கிளம்பிடறேன் சார். இத்தனை நாள் இடம் கொடுத்ததுக்கு நன்றி."

சுவர்ப் போட்டோவில் பைண்டர் ஓர் ஓரத்தில் நின்றார். மற்ற ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது.

கமா குளிக்கப் போன நேரத்தில் பைண்டர் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார்.

"அட்டையைப் பிரிச்சுத் திருப்பணும் சார். தப்பு நடந்துபோச்சு." முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "பிழையில்லைன்னு நான் கையெழுத்துப் போட்டாச்சேப்பா. அதுக்கப்புறம் எப்படிப் பிழை இருக்க முடியும்?"

"இருக்கு சார்."

"அப்ப அது புத்தகத்தோட பிழை. நம்மளோடது இல்ல. போய் வேலையைப் பாரு."

பைண்டர் வேலையைப் பார்த்தார். அறையைத் தாழிட்டு, கத்தியை எடுத்து, சான்றுச் சீட்டோடு சேர்த்து அட்டையை உரித்தார். முன்னட்டையையும் பின்னட்டையையும் இடம் மாற்றிப் பசை தடவினார். காயும்வரை மேலே கனம் வைக்க வேண்டும். புத்தகம் அமுக்கும் பிரஸ்ஸில் வேறு புத்தகங்கள் இருந்தன. சுவரிலிருந்த சட்டத்தை இறக்கி, மனித குலத்தின் முதுகெலும்பைப் புத்தகத்தின்மேல் வைத்து, தானும் ஏறி உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு வீடு திரும்பியபோது கமா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பைண்டர் புத்தகத்தை நீட்டினார். கமா தங்க எழுத்தைப் பார்த்தார். திறந்தார். காலி பெஞ்சு.

வெகுநேரம் அதையே பார்த்தார். அவருடைய நிழல் தரையில் இல்லாததைப் பைண்டர் அப்போதுதான் கவனித்தார்.

கமாவின் தொழில் பழக்கம் காப்பாற்றியது. எதிலும் அடுத்த பக்கம் இருந்தால் புரட்டியே தீருவார். புரட்டினார்.

"இங்க யாராவது உட்கார்றாங்களா?" என்று வாசித்தார்.

"குடைதான் உட்கார்ந்திருக்கு" என்றார் பைண்டர், தன் பங்கை. "எடுத்துடறேன். உட்காருங்க."

இரண்டு மாதம், பத்துப் பத்துப் பக்கமாக. எண்பதாவது பக்கத்தில் சோப்பு ஒன்றானது. சர்க்கரை டப்பா கிடைத்தது. முந்நூற்றுப் பத்தில், பால் பொங்கி வழிந்த ஒரு நேரத்தில், "டேய்" என்று சமையலறையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. பைண்டர் அடுப்பை அணைக்காமல் நின்று அழுதார். போட்டோவில் அலை வடிந்தது. ஆனால் ஒரு விரலளவு கடல் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது கட்டிலின் பள்ளமும் போகவில்லை. காலையில் போர்வையை இழுத்து விரித்தால் மாலையில் யாரோ படுத்து எழுந்தாற்போல் மறுபடி குழிந்திருக்கும், தொட்டால் சூடாக.

வெங்காயம் உரிக்கும் பக்கத்தை முடித்த அன்று கமா புத்தகத்தை மூடினார்.

"முப்பது வருஷம் தைச்சவன், எப்படிடா கோட்டை விட்டே? இந்த மாதிரிப் புத்தகத்துல பின்னாடி ஒரு எச்சரிக்கைப் பக்கம் போட்டிருப்பாங்களே, பார்க்கலையா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார் பைண்டர்.

இருந்தது. 'நிறுத்துங்கள்! இது கடைசிப் பக்கம். புத்தகத்தைத் திருப்புங்கள்' என்று பெரிய எழுத்தில். பைண்டர் அதை இரண்டு முறை படித்து, அச்சகத்தின் பிழை என்று முடிவுகட்டி, நீளவாக்கில் கிழித்து, புத்தகத்தின் முதுகுக்குள் வைத்து ஒட்டியிருந்தார்.