உப்பில்லாத ஸ்டேக் மசாலா

எனக்கு முதல் கோபம் கடைக்காரன் மேல்தான். கையகல பாட்டிலில் ஸ்டேக் மசாலா என்று விற்கிறான், லேபிளில் முதல் பெயரே உப்பு. மிளகும் பூண்டும் அதற்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் தடித்த மாட்டிறைச்சித் துண்டில் அதை அப்பி, இரும்புச் சட்டியில் சுட்டுத் தின்றே ஆகவேண்டும். பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பிறகு டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: உப்பை விடாவிட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேரமாட்டீர்கள்.

பாட்டிலைக் குப்பையில் வீசினேன். மனுஷன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், கை போகாது. இளைத்துத் துரும்பானார். சரி, அதே ருசியை உப்பில்லாமல் கொண்டுவருகிறேன் பார் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். மிளகை ஒன்றிரண்டாக இடித்தேன். பூண்டையும் வெங்காயத்தையும் மெல்லிசாகச் சீவி ஓவனில் உலர்த்திப் பொடித்தேன். கொத்தமல்லி விதை, கடுகு, மிளகாய்த் தூள், உப்பின் குறையை மறைக்கக் காய்ந்த எலுமிச்சைத் தோல். கருகியதும் கசந்ததுமாக எத்தனை தடவை கொட்டினேனோ. என் கையில் அடித்த பூண்டு நாற்றத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் எழுந்தே போய்விட்டாள்.

ஒருவழியாக ஜாடியில் நிரப்பி வைத்தேன். அந்த ஞாயிறு அவரே தடவிச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, அச்சு அசல் கடை மசாலாதான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் வாராவாரம் தடவுவது அவர் வேலையானது. அடுப்படிப் பக்கமே வராதவருக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று பூரித்துப்போனேன்.

போன ஞாயிறு சட்டியைக் கழுவப் போனவள், என் கைமணத்தைத்தான் பார்ப்போமே என்று ஒட்டியிருந்த துணுக்கை வாயில் போட்டேன். ஒரே உப்பு. ஓடிப்போய் ஜாடியைத் திறந்தேன். பொடிக்கு நடுவே உப்புக்கல் மினுமினுத்தது.

ஜாடியை அவர் முன்னால் வைத்தேன். மழுப்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முதல் நாளே என்னுடையதைக் கொட்டிவிட்டுக் கடைச் சரக்கை நிரப்பினாராம்.

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்ச. நல்லா இல்லன்னு சொல்ல மனசு வரல."

என் மனசு நோகக்கூடாதாம். அதற்காக வாராவாரம் என் கண்ணெதிரே உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு துண்டு வேணுமா என்று உபசரித்திருக்கிறேன். ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க. தினமும் சொல்லுங்க. உயிரோட இருந்து சொல்லுங்க."

அவர் எழுந்து வந்து குழாயை மூடினார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி மிளகு இடித்தேன். நானே தடவினேன், நானே சுட்டேன், எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஒரு வாய் எடுத்து நெடுநேரம் மென்றார்.

"நல்லாவே இல்ல," என்றார்.

இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.