மார்க்கண்டரின் சம்மதம்

கிணறு துப்புரவாக்க அலவாங்கும் வாளியும் கயிறும் இருந்தால் போதும் என்றுதான் மற்ற ஊர்களில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நெடுந்தீவில் தயாபரனின் வளவுக் கிணற்றுக்கு இவை காணாது. செத்துப்போன ஒருவரின் சம்மதமும் வேண்டும்.

அந்த ஒருவர் மார்க்கண்டர். தயாபரனுக்கும் அவன் தங்கை வினோஜாவுக்கும் அப்பாவின் தம்பி முறை, குஞ்சியப்பு என்பார்கள். சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது, வருடக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றைக் கலக்கி இறைக்க இறங்கியவர் ஏறி வரவில்லை. தயாபரனுக்கு அப்போது எட்டு வயது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றவன் அவன்தான். வினோஜா வீட்டுக்குள் ஏணைத் தொட்டிலில் கிடந்தாள். குஞ்சியப்புவின் முகத்தைப் படத்தில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கிணற்றுக்குள் யாராவது இறங்குவதென்றால், விடியற்காலையில் ஒரு விளக்கைக் கொளுத்தி வாளிக்குள் வைத்து, மார்க்கண்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மெல்ல மெல்ல இறக்குவார்கள். தண்ணீர் மட்டம் வரை விளக்கு நின்று எரிந்தால் அவர் ஓம் என்கிறார். இடையில் நூர்ந்தால் மாட்டேன் என்கிறார். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் விளக்கு ஒருமுறையும் அடிவரை போனதில்லை. கிணறு அப்படியே கிடந்தது, வீட்டார் தண்ணீருக்கு அலைந்தார்கள்.

இந்த வருடம் மழை பேருக்குக்கூடப் பெய்யவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் காத்திருந்து காத்திருந்து தயாபரனுக்கு மனம் விட்டுப்போயிற்று. மாடுகள் இரண்டு செத்தபிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பம்பை வைத்துச் சில நாட்கள் பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டினான். பிறகு ஒரு காலையில் விளக்கு இறக்கினான். அது அடிவரை எரிந்தது.

வினோஜா பள்ளிக்கூடத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டு குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்குப் பேயிலும் நம்பிக்கையில்லை, பேய்க்கு விளக்குப் பிடிப்பவர்களிலும் மரியாதையில்லை. தீவின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"என்னவாம் குஞ்சியப்பு? கையெழுத்தும் வைச்சுத் தந்தவரோ?" என்று கேட்டாள்.

அண்ணனின் மனைவி லதீபா அவளை முறைத்தாள். தயாபரன் கிணற்றுக்கட்டில் கையூன்றி, காதை ஒரு பக்கம் சாய்த்து, குனிந்தபடியே நின்றான். கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் நிற்கிறவன் மாதிரி இருந்தது. வினோஜா நேரமாகிறது என்று போய்விட்டாள்.

போகிற வழியில் சந்திக் கடையில் நின்றாள். பாடத்துக்கு அமிலம் வேண்டும். ஆய்வுகூடப் போத்தல் காய்ந்து கிடந்தது. குளியலறை கழுவுகிற அசிட்டே போதும்.

"ஒரு போத்தில்தான் கிடக்கு டீச்சர்," என்றார் கடைக்காரர். "மிச்சம் பிளாஸ்டிக் கானோடை எல்லாத்தையும் நேற்றுப் பின்னேரம் உங்கட அண்ணை தூக்கிக்கொண்டு போட்டார்."

அண்ணனுக்கு ஒருவழியாகக் குளியலறை கழுவும் புத்தி வந்துவிட்டதே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு பல நாள் அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

பத்தாம் ஆண்டு வகுப்பில் அன்றைக்கு இரசாயனத் தாக்கமும் சமன்பாடும். பரிசோதனைக்குக் கல் தேடி எங்கும் போகத் தேவையில்லை. தீவே முருகைக்கல் என்கிற சுண்ணாம்புக் கல்லில்தான் நிற்கிறது. பள்ளி மதிலில் பெயர்ந்திருந்த ஒரு துண்டைக் கண்ணாடிக் குவளைக்குள் போட்டு, அசிட்டை ஊற்றினாள். கல் இரைந்தது, நுரைத்தது. பிள்ளைகள் கதிரைகளை விட்டு எழும்பி வந்து சுற்றி நின்றார்கள்.

கரும்பலகையில் எழுதினாள். இந்தப் பக்கம் கல்சியம் காபனேற்றும் ஐதரோக்குளோரிக்கமிலமும். அந்தப் பக்கம் கல்சியம் குளோரைட்டு, நீர், காபனீரொட்சைட்டு.

"சமப்படுத்துங்கோ பாப்பம்."

"குளோரின் இஞ்சாலை ஒண்டு, அங்காலை ரெண்டு, டீச்சர்," என்றாள் முன்வரிசையில் இருந்த தர்சனா. "அமிலத்துக்கு முன்னாலை ரெண்டு போடவேணும்."

"ஓம். ரெண்டு பக்கமும் சரியாய் வரவேணும். உள்ளது ஒண்டும் இல்லாமல் போகாது, இல்லாதது ஒண்டும் புதுசாய் வந்து நிக்காது." இந்த வாக்கியத்தை வினோஜா ஒவ்வொரு வருடமும் சொல்வாள். சொல்லும்போது அவளுக்கே ஒரு தைரியம் வரும்.

பிறகு மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தினாள். குவளையைச் சாய்த்து, நுரைக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்தை, தண்ணீர் வார்ப்பதுபோலச் சுடரின்மேல் வார்த்தாள். யாரும் ஊதவில்லை. சுடர் சுருங்கி நூர்ந்தது. 

"உந்த வாயு பிறகு எங்கை போகும் டீச்சர்?" என்று கேட்டாள் தர்சனா.

"காத்தை விடப் பாரம். மேலை போகாது. பள்ளமான இடமாய்ப் பார்த்து அடியிலை போய்த் தங்கி..."

வினோஜா சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினாள். அண்ணனுக்குக் குளியலறையைப் பற்றி என்ன கவலை. கத்தாரில் மாபிள் கல் பதித்த காலத்தில் சீமெந்துக் கறையையும் சுண்ணாம்புப் படிவையும் அசிட் எப்படித் தின்னும் என்று அவன் கண்ணால் கண்டவன். கிணற்றின் ஊற்றுக்கண்ணைச் சுண்ணாம்பு அடைத்துவிட்டதென்று ஒரு கிழமையாக அவன் புலம்பியதை அவள் காதில் வாங்காமல் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள், அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

உச்சி வெயில். இந்தத் தீவில் காற்று நிற்பதென்பது இல்லை, அன்றைக்கு நின்றிருந்தது. பனைகளில் ஓர் ஓலை அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையில் காட்டுக் குதிரைகள் ஆறேழு நின்றன. வழக்கமாக வண்டிச் சத்தத்துக்கு விலகி ஓடுபவை. அன்றைக்கு விலகவில்லை. எல்லாம் ஒரே திசையில், அவர்களுடைய வளவைப் பார்த்தபடி நின்றன. அவள் வண்டியை இறக்கித் தள்ளிக்கொண்டு அவற்றைச் சுற்றிப் போகவேண்டியிருந்தது.

படலையைத் திறந்ததுமே அவளுக்கு அது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு. யாரோ ஒருவர் மூச்சு விடாமல், அவசரமில்லாமல், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல. அது அசிட் முருகைக்கல்லைத் தின்கிற இரைச்சல் என்று வினோஜாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவளுடைய கை மயிர் குத்திட்டு நின்றது.

தயாபரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒரு காலைக் கிணற்றுக்குள் போட்டிருந்தான். மறுமுனையைப் பக்கத்து வளவுக்காரனான ஷாருஜன் பூவரச மரத்தில் சுற்றிப் பிடித்திருந்தான். லதீபா தேத்தண்ணிப் போத்தலுடன் நிழலில் நின்றாள்.

"அண்ணா, காலை வெளியிலை எடுங்கோ."

அவன் உடனே திரும்பவில்லை. அவள் சொன்னது வெகுதூரம் போய்த்தான் அவனை எட்டியதுபோல் இருந்தது. "என்ன, பள்ளிக்கூடம் விட்டிட்டுதோ?"

"எவ்வளவு அசிட் ஊத்தினனீங்கள்?"

"கிடந்ததெல்லாம். ஊத்துக்கண் திறந்திட்டுது வினோ. ஊறிற சத்தம் உனக்குக் கேக்கேல்லையோ?"

"விளக்கு காலமை நிண்டெரிஞ்சது அக்கா," என்றான் ஷாருஜன். "நானும் பாத்தனான். சம்மதம் தந்திட்டார்."

"அது அசிட் ஊத்த முந்தி. இப்ப இறக்கிப் பாருங்கோ."

லதீபா விளக்கைக் கொளுத்தினாள். வாளி இறங்கியது. ஓர் ஆள் உயரம் இறங்கியிருக்கும், சுடர் மஞ்சளாகி, ஒடுங்கி, இல்லாமல் போயிற்று. நூர்ந்த திரியின் புகை மேலே வரவில்லை. கிணற்றுக்குள் ஒரு மட்டத்தில் பரவி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் முதுகில் படுத்துக்கொண்டது. எட்டிப் பார்த்த நால்வருக்கும் அது தெரிந்தது.

"தந்த சம்மதத்தைத் திருப்பி எடுத்திட்டார்," என்றாள் லதீபா. புருஷனின் பக்கம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, வேண்டாம். மூடிவிடுவம்."

அந்த இடத்தில் வினோஜா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் படிப்பிக்கிறவர்களுக்குப் பிழையான விடையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க ஏலாது.

"குஞ்சியப்புவும் இல்லை, பேயும் இல்லை, மச்சாள்," என்றாள். ஒரு தடியை எடுத்து மணலில் எழுதியும் காட்டினாள். CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂. கல் இது, அசிட் இது, வருகிற வாயு இது. நிறமில்லை, மணமில்லை, பாரமானது, கிணற்றை விட்டுப் போகாது. விளக்கை நூர்த்தது அது. அது மட்டுமல்ல, அந்தக் காலத்தில் குஞ்சியப்புவைக் கொன்றதும் அதுபோன்ற ஒன்றுதான். வருடக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றில் அசிட் இல்லாமலே கெட்ட காற்று சேரும். எல்லாவற்றையும் அழகாக, அடுக்காக, வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது ஷாருஜனின் முகம் தெளிந்திருந்தது. லதீபாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மார்க்கண்டர் இல்லையோ?" என்றான் ஷாருஜன். "சும்மா காத்துத்தானோ?"

"காத்தெண்டால் என்னத்துக்குப் பயம்," என்றான் தயாபரன். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா இறங்கி ஊத்துக்கண்ணுக்குள்ளை கிடக்கிற சேத்தை வழிச்சுவிட்டால் சரி. விட்டால் திரும்ப இறுகிப்போம். கயிறைப் பிடியடா."

ஷாருஜன் கயிற்றைப் பிடித்தான். லதீபாவும் தடுக்கவில்லை.

வினோஜா கையிலிருந்த தடியைக் கீழே போட்டாள். இத்தனை வருடமும் அந்தக் கிணற்றிலிருந்து ஆட்களைத் தள்ளி வைத்திருந்தது பயம் ஒன்றுதான். அதைச் சமன்பாடு எழுதி அவளே அழித்திருக்கிறாள். பேய்க்குப் பயப்படுகிறவன் கிணற்றடிக்கே போகமாட்டான். வாயு என்று தெரிந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். ஒரு மூச்சு, அதுவும் சேறு வழிக்கிறபோது, எவ்வளவு நேரம் நிற்கும்.

"ஏலாது அண்ணா. ஒரு தரம் மூச்சு வாங்கினால் விழுந்திடுவியள். தூக்கப் போறவனும் செத்துப்போவான்." கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை உதறினான். அவளைப் பார்க்கவேயில்லை. அவனுடைய பார்வை கிணற்றுக்குள் இருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன, பதில் சொல்கிறவனுக்கு அசைவதுபோல. மற்றக் காலையும் உள்ளே போட்டுக் கிணற்றுக்கட்டின்மேல் இருந்தான்.

வாயு என்று சொல்லி நிறுத்த ஏலவில்லை. இனி எதைச் சொல்வது? அவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான், அவள் வாழ்நாளில் வாயெடுத்துச் சொல்லாதது.

"குஞ்சியப்பு கூப்பிட்டவர்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"படலையடியிலை வரேக்கை கேட்டது. கிணத்துக்குள்ளை இருந்து. உவனை இறங்க விடாதை, வேண்டாம், வேண்டாம் எண்டு." அவளுக்குக் கண்ணீர் வந்தது, பொய்க்காக வரவில்லை, பயத்தில் வந்தது. "நான் நம்பாமல்தான் உந்தக் கதையெல்லாம் சொன்னனான். அவர் சொன்னது மெய்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அரைவாசிப் பேர் நம்பியிருப்பார்கள். பேயைச் சொல்லிச் சிரிக்கிறவள் அழுது சொன்னால் நம்பாமல் என்ன செய்வது. லதீபா ஒரு சத்தமும் போடாமல் பாய்ந்து புருஷனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். ஷாருஜன் கயிற்றை இழுத்த இழுப்பில் தயாபரன் பின்பக்கமாக மணலில் விழுந்தான். அவன் மல்லுக்கட்டவில்லை. விழுந்த இடத்திலேயே, பூவரசில் சாய்ந்து இருந்துவிட்டான்.

கிணற்றை மூடத் தகரமும் பனங்குற்றியும் எடுக்க மற்ற இருவரும் வீட்டுப் பின்பக்கம் போனார்கள். வினோஜா அண்ணனுக்குப் பக்கத்தில் குந்தினாள். சமன்பாட்டின் மேலே கயிறு இழுபட்டுப் பாதி அழிந்திருந்தது. ஆறுதலாக, இரவுச் சாப்பாட்டின்போது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாயு கலைந்ததும் பாதுகாப்பாக எப்படி இறங்குவதென்று யாழ்ப்பாணத்தில் விசாரிக்கலாம். உயிர் தப்பிற்று, அது போதும்.

"உனக்கும் கேட்டதோ?" என்றான் தயாபரன். குரல் சாதாரணமாக இருந்தது.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஓம்."

"மெதுவாய்த்தானே?"

"ஓம். மெதுவாய்."

"நான் எனக்கு மட்டும்தான் எண்டெல்லோ நினைச்சனான்." அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "காலமை விளக்கு இறக்கேக்கை துடங்கினவர். இன்னும் விடேல்லை."

"அது அசிட் இரையிற சத்தம், அண்ணா." தன்னை மீறிச் சொல்லிவிட்டாள்.

"அவர் துடங்கேக்கை அசிட் கான் மூடியே திறக்கேல்லை," என்றான் அவன். பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ ஒன்று அவனுக்குச் சரிவரவில்லை என்பது புருவத்தில் தெரிந்தது. "உனக்கு வேண்டாம் எண்டே சொன்னவர்? எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை. வாடா தம்பி, இறங்கி வா, இஞ்சை இன்னுமொரு ஆளுக்கு இடம் கிடக்கு எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

வீட்டுப் பின்பக்கம் தகரம் இழுபடும் சத்தம் கேட்டது. கயிறு இன்னும் அவனுடைய இடுப்பில்தான் இருந்தது. வினோஜா அதன் நுனியைத் தேடி எடுத்துத் தன்னுடைய கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.