அட்டை போட்ட கொலை

சுகந்தியின் வீட்டு அலமாரியில் இருந்த துப்பறியும் நாவலை நாலு வருடமாக யாரும் படிக்காததால், பதினோராம் பக்கத்தில் விழுந்த பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. அந்த விஷயமாகத்தான் வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் கோதண்டம் நாவலிலிருந்து இறங்கி வந்தார். பூட்ஸை அலமாரி ஓரத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் சமையலறைப் பக்கம் வந்தார்.

சுகந்தி பால் பொங்கிவிடாமல் ஒரு கண் அடுப்பில் வைத்தபடி, என்ன சமாச்சாரம் என்று கேட்டாள். குற்றவாளி கிடைத்துவிட்டதாகச் சொல்லி அவர் ஒரு தாளை நீட்டினார். கு. மகிழினி, இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு என்று இருந்தது.

நாவலின் அட்டை லேபிளிலிருந்து எடுத்த பேர் அது. லேபிளில் மகளின் பேரை எழுதியது சுகந்தியேதான். அவள் புருஷன் குமரவேல் பஸ் கண்டக்டர். ஊர் ஊராய் பஸ் ஸ்டாண்டில் புத்தகம் வாங்குவான், அலமாரியில் வைப்பான், அதோடு சரி. ஜூன் மாதம் மகளின் பாடப்புத்தகங்களுக்கு மைதா பசை காய்ச்சி காக்கி அட்டை போட்டபோது, கூடக் கிடந்த நாவலுக்கும் சுகந்தி அதே வேகத்தில் அட்டை போட்டு லேபிளும் ஒட்டிவிட்டாள். அப்புறம் பிய்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் சொருகியவள் அப்படியே மறந்தும் போனாள்.

"ஏனுங்க சார், அவளுக்கு ஏழு வயசுங்க. பென்சிலையே என்கிட்டத்தான் சீவக் குடுப்பா."

"உள்ள யார் பேரும் இன்னும் முடிவாகலைம்மா. வெளியில ஒட்டியிருக்கிற பேரைத்தான் நாங்க எடுத்துக்க முடியும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மகிழினி நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்துக் கோர்ட்டில் நிற்க வேண்டும். உள்ளே போனால், யாராவது புத்தகத்தைப் படித்து முடிக்கிறவரை வெளியே வர முடியாது. சுகந்தி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் யாராவது ஒரு புத்தகத்தை முடித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

மகிழினிக்கோ குஷி. திங்கட்கிழமை பள்ளியில் மாறுவேடப் போட்டி. தக்காளி வேஷத்திலேயே கோர்ட்டுக்கும் போய்க்கொள்வதாகச் சொன்னாள்.

நிஜக் குற்றவாளி யாரென்று படித்துக் காட்டிவிட்டால் தாளில் பேரை மாற்றிக்கொள்வதாக இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். சுகந்தி அன்றைக்கே உட்கார்ந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே, வரிக்கு வரி விரலை ஓட்டி சத்தமாகத்தான் அவளுக்குப் படிக்க வரும். பத்து வரி ஓடுவதற்குள் தொட்டிலில் சின்னவன் அழுவான். ஆட்டிவிட்டு வந்தால் எந்த வரி என்று தெரியாது. மறுபடி பக்கத்தின் தலையிலிருந்து தொடங்குவாள்.

படிக்கப் படிக்க ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். செத்துப்போன ரைஸ் மில் முதலாளி வைத்தியலிங்கத்தின் மனைவி பதினான்காம் பக்கத்தில் வந்தார். நாலு வருடமாய்க் காரியம் செய்ய முடியவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு சுகந்தியை ஓரமாய் அழைத்து, தானே செய்திருப்போமோ என்று சந்தேகமாக இருப்பதாகச் சொன்னார். மைத்துனருக்கும் அதே குழப்பம். கணக்குப்பிள்ளை தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் படிக்காததால் அவர்களில் யாருக்குமே தெரியவில்லை. சுகந்திக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது, எல்லாருக்கும் காபியும் போட வேண்டியிருந்தது.

முப்பத்தேழாம் பக்கத்தில் பால்காரர் மாசிலாமணி வந்தார். அழுகிற குழந்தையைப் பார்த்ததும் தோள் துண்டை உதறிவிட்டுத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டினார். சின்னவன் ரெண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனான். பெற்றவள் ஆட்டினாலே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பக்கங்கள் ஓடின.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கடைசிக்கு முந்தின பக்கமும் முடிந்தது. கடைசிப் பக்கம் வரவில்லை. அட்டையின் மடிப்போடு சேர்த்து மைதா பசையில் சுத்தமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. மகிழினி தக்காளி வேஷத்தோடு அலமாரி முன்னால் தயாராய் நின்றாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சுகந்தி இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, ஆவி வந்ததும் புத்தகத்தை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தாள். பசை இளகியது. தாள் கிழியாமல் உரிந்து வந்தது. எல்லாரும் கூடத்தில் வரிசையாக நிற்க, விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

மாசிலாமணி என்று இருந்தது.

"அப்படீங்களா," என்றார் மாசிலாமணி. கை தொட்டில் கயிற்றில்தான் இருந்தது.

சுகந்தி முதலில் மகளின் பேரை அடிக்கச் சொல்லி, அடித்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அவளை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்திருந்தார்.

"சார், இப்பத்தான் கண்ணசந்திருக்கான். இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா நாளைக்கு நான் எப்படிங்க சோறாக்குறது?"

அவர் யோசித்தார். சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு வந்து தொட்டிலை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையில் மாசிலாமணிக்கு ஜாமீன் தரலாம். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றால் போதும்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு மாசிலாமணி வந்தார். கூடவே பொறுப்பேற்றவராக, பதினோராம் பக்கத்திலிருந்து எழுந்து வைத்தியலிங்கமும் வந்தார். குத்திய கத்தி இன்னும் முதுகிலேயே இருந்ததால் சாய்ந்து உட்கார முடியாதென்று சுகந்திக்குப் பட்டது. சாய்மானம் இல்லாத முக்காலியை இழுத்துப் போட்டு, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.