குப்பனூர் ரோட்டுக் குழாய்

ஒரே குழாயைப் பற்றி இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராமும் இரண்டு விதமாகச் சொன்னன. பழையது, மேலதிகாரி ஐயாக்கண்ணு சார் சென்னைப் பயிற்சியிலிருந்து பிளாப்பியில் கொண்டுவந்தது. பெருமழையையும் குழாய் தாங்கும் என்றது. அந்த வருஷம் அலுவலகத்துக்கு வந்த புதியதோ, அதில் பாதிகூடத் தாங்காது என்றது. உதவிப் பொறியாளர் ஜெயகுமாரிக்குத் தலை சுற்றியது.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் திரைக்கு மேலே காய்ந்து கிடந்தது. இவ்வளவு மரியாதை செய்தும் அது இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் யாரிடம் போய் முறையிடுவது?

மழைத் தண்ணீர் போகும் அந்தக் குழாயோ ஏற்கெனவே மலை ரோட்டுக்குக் குறுக்கே பதித்தாகிவிட்டது. கணக்குப் போட்டவர் ஐயாக்கண்ணு. ரோட்டுக்குக் கீழ்ச்சரிவில், மிளகுக் கொடிகளுக்கு நடுவில், ராசாத்தி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தாள். “தண்ணி ரோட்டத் தாண்டாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, வாசக்கால் வெச்சிர்றேன்” என்று ஜெயகுமாரியிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். குழாய் போதாவிட்டால் வெள்ளம் நேராக அந்த வாசலுக்குத்தான் வரும்.

“ஏதாச்சும் தப்பா அடிச்சிருப்ப அம்மிணி” என்றார் ஐயாக்கண்ணு.

எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். விடை மாறவில்லை.

“அப்ப ரெண்டையும் கூட்டிப் பாதியா வெச்சுக்க.”

வரப்புத் தகராறைத் தீர்த்து வைக்கிற தோரணையில் சொன்னார். பாதி போட்டால் குழாய் எப்படியோ தேறிவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஜெயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் என்ன, பேசி முடித்தால் கேட்டுக்கொள்ளுமா?

கணக்கில் குழாயின் சரிவைக் குறைத்துப் பார்த்தாள். சேலத்துச் சமவெளியில் பதித்த குழாய் என்று வைத்துக்கொண்டபோது இரண்டு விடையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சரிவை ஏற்ற ஏற்றப் பிரிந்தன. அப்போதுதான் பிடிபட்டது. பழையது குழாய்க்குள் எவ்வளவு ஓடும் என்று மட்டும் பார்க்கிறது. புதியது, அதன் வாய் எவ்வளவு விழுங்கும் என்றும் பார்க்கிறது.

“மலைச் சரிவுல உள்ள போன தண்ணி பிச்சுக்கிட்டு ஓடிரும் சார். மொதல்ல உள்ள நுழையோணுமில்லீங்க?”

“மழை வரட்டும், நேர்லயே பாத்துக்கலாம்” என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. ஜீப்பில் போய் இறங்கினார்கள். ஐயாக்கண்ணு குடையோடு கீழ்ப்பக்கம் போனார். ஜெயகுமாரி மேட்டுப் பக்கம் நின்றாள்.

“பாத்தியா! குழாய்ல பாதிதான் ஓடுது. மேல்பாதி காலியாக் கெடக்குது!”

“இங்க தண்ணி ரோட்டு விளிம்புக்குக் கிட்ட வந்திருச்சுங்க சார்!”

இருவரும் பொய் சொல்லவில்லை. ஐயாக்கண்ணு மேலே ஏறி வந்தார். வாயில் நுழைய முடியாத வெள்ளம் செக்கச் சிவப்பாகச் சுழன்று, ரோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. அவர் குடையை மடக்கியதுகூடத் தெரியாமல் நனைந்துகொண்டு பார்த்தார்.

நல்லவேளையாக மழை விட்டது. தண்ணீர் ரோட்டைத் தாண்டாமலே வடிந்தது. ஜெயகுமாரிக்கு அதுதான் பயமாக இருந்தது. தாண்டவில்லையே, குழாய் சரிதான் என்று சாதிக்க அது போதும் அவருக்கு.

கீழேயிருந்து ராசாத்தி முகமெல்லாம் சிரிப்பாக ஏறி வந்தாள்.

“ஒரு சொட்டு வரலீங்க! நொம்ப நல்ல குழாய்ங்க. வெள்ளிக்கிழமையே வாசக்கால் வெச்சிரட்டுங்களா?”

இந்தச் சிரிப்பைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஜெயகுமாரி வாயெடுப்பதற்குள் ஐயாக்கண்ணு முன்னால் வந்தார்.

“வெக்காத தாயி. இன்னும் கொஞ்ச நேரம் பேஞ்சிருந்தா உன்ற ஊட்டுக்குள்ள வந்திருக்கும். கணக்குப் போட்டது நாந்தான், தப்பாப் போட்டுட்டேன்.”

ராசாத்தியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “அப்ப என்னைக்குங்க வெக்கறது?”

“குழாய் வாய அகலமாக் கட்டிட்டு, நானே வந்து சொல்றேன்.”

ஜீப்புக்குத் திரும்பும்போது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“போலாங்களா சார்?” என்றாள் ஜெயகுமாரி. அந்த ‘சார்’, உத்தியோகத்துக்காக ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். அன்றைக்குத்தான் அதை மனசாரச் சொன்னாள்.