கையசைக்கும் பக்கம்

திரையில் அந்தக் கை மறுபடியும் எழுந்தது. இடமும் வலமுமாக இரண்டு முறை ஆடிவிட்டு அடங்கியது. பாப்பாவுக்குத் திருப்தியில்லை. மணிக்கட்டு திரும்பும் இடத்தில் மயிரிழை தாமதம். ஓர் எண்ணை மாற்றினாள், ஃபோனை எடுத்தாள், ‘வரவில்லை’ என்ற பொத்தானைத் தட்டினாள். கை மறுபடியும் ஆடியது.

முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அலுவலகத்தில் டிசைனரம்மா. இணையப் பக்கங்கள் மனிதர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. விரல் பட்டதும் பொத்தான் எவ்வளவு அமுங்க வேண்டும், தப்பாகத் தட்டியவரிடம் பக்கம் எந்தத் தொனியில் பேச வேண்டும் என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வாள். லிஃப்டில் ஏறினால்கூட, பொத்தானை அழுத்தி எத்தனை நொடியில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆள்.

இப்போது கையில் இருந்தது ஒரு சரக்குக் கிடங்கின் வேலை. தினமும் காலையில் தொழிலாளியின் ஃபோனுக்கு அன்றைய ஷிஃப்ட் வரும். ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ என்று இரண்டு பொத்தான்கள். பத்து முறை ‘வரவில்லை’ என்று தட்டியவருக்குப் பக்கமே நன்றி சொல்லி வேலையிலிருந்து விடைகொடுத்துவிடும். அப்போது ஆடுவதுதான் அந்தக் கை. புதிதாகச் சேர்கிறவரை வரவேற்கவும் அதே கைதான்.

அது அவள் அண்ணனின் கை. பதினொரு வருடமாக அதே கிடங்கில் வேலை பார்க்கிறவன், இப்போது பெட்டி கட்டும் பக்கத்தில். ஒருநாள் அவன் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்று கையசைத்தபோது ஃபோனில் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அடுக்கு சரிந்து விழுந்ததில் அவன் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது. அந்தக் கோணலையும் விடாமல் வரைந்தாள். அது இருந்தால்தான் கைக்கு உயிர் வருகிறது என்று அவளுக்குப் பட்டது. அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். “இனிமே உங்க எல்லாருக்கும் என் கைதாண்டா சலாம் போடும்.”

சோதித்துப் பார்க்க ஒரு தொழிலாளி எண் வேண்டும். கிடங்கின் பட்டியலில் இல்லாத எண்ணைப் பக்கம் ஏற்கவில்லை. வீட்டு நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் அண்ணனின் கிடங்கு அட்டையில் உள்ள எண் அவளுக்கு மனப்பாடம்.

“எங்க அண்ணன் நம்பரையே போட்டுக்கறேன். திறக்கறதுக்கு முன்னாடி நான் தட்டினதையெல்லாம் அழிச்சிடு,” என்றாள் பக்கத்து மேஜையில் இருந்த புரோகிராமரிடம். தடித்த கண்ணாடியால் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர்.

“அழிச்சிடறேன், டிசைனரம்மா. பத்துக்குப் பதிலா ஒண்ணுன்னு மாத்தி வெச்சிருக்கேன். ஒரு தட்டு தட்டினாலே கை வரும். ஆசை தீரத் தட்டுங்க.”

ஆசை தீரத்தான் தட்டினாள்.

நடுவில் மேனேஜர் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “இந்த மூலையில ‘ஒருவரிடம் பேச’ன்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்திடுங்கம்மா. கிடங்குக்காரங்க வேண்டாங்கறாங்க. இருந்தா எல்லாரும் அதையேதான் தட்டுவாங்களாம்.”

எடுத்தாள். பக்கம் கொஞ்சம் மூச்சு விட்டதுபோல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றே நினைத்தாள்.

வியாழக்கிழமை திறப்பதாகப் பேச்சு. கிடங்குக்காரர்கள் அவசரப்பட்டுச் செவ்வாயே திறந்துவிட்டார்கள். டீ குடிக்கும்போதுதான் மேனேஜர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஞாபகப்படுத்த அவளும் மறந்தாள், அழிக்க அவனும் மறந்தான்.

புதன்கிழமை காலை அண்ணன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே ஃபோனைப் பார்த்தான்.

“பாப்பா, உன் பக்கம் எனக்கு டாட்டா காட்டுது.”

“புதுசுண்ணா, ஏதாவது தடுமாறும்,” என்றாள் குளியலறையிலிருந்து. அவன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

அவள் அலுவலகத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. “கேட்டுல கார்டை எடுக்கல. காவலுக்கு நிக்கறவரு என்னோட ஒண்ணா டீ குடிக்கறவரு. அவரே ‘எல்லாம் ஃபோன்ல பாத்துக்குங்க’ங்கறாரு. ஃபோனைப் பாத்தா மறுபடி என் கையே எனக்கு ஆடுது.”

பாப்பா நாற்காலியைத் திருப்பினாள். சோடாபுட்டியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பட்டியலைத் திறந்திருந்தான். “நூத்திப் பன்னெண்டு,” என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெகுநேரம் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

கிடங்கின் அதிகாரியைத் தேடிப் பிடிக்க அவளுக்கு நாலு ஃபோன் எண்கள் தேவைப்பட்டன.

“நூத்திப் பன்னெண்டு தடவை வரலன்னு சொல்லியிருக்காரும்மா. பதிவுல இருக்கு.”

“அது நான் தட்டினது சார். பக்கத்தைச் சோதிக்கறதுக்காக.”

“அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.”

மறுமுனையில் மெல்லச் சிரிப்பது கேட்டது. கேலியாகக்கூட இல்லை. “எங்க அண்ணனா இருந்தா நானும் அப்படித்தாம்மா சொல்லுவேன். உங்க மேனேஜர் எழுத்துல தரட்டும், பாக்கறேன். இல்லன்னா புது ஆளா பதிஞ்சுக்கச் சொல்லுங்க. லாரியிலேர்ந்து இறக்கற பக்கம் ஆள் வேணும்.”

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். “உண்மையான ஆளோட நம்பர்ல சோதிச்சோம்னு நான் கையெழுத்துப் போட்டா, ஒப்பந்தம் அங்கேயே முடிஞ்சுது.”

“என் தப்புன்னு எழுதுங்க சார். என்னை அனுப்பிடுங்க.”

“உங்களை அனுப்பினா போதும்னா இப்பவே எழுதிடுவேன். அப்புறம் மத்தவங்க பதிவெல்லாம் சரியான்னு கேப்பாங்க. பதினாலு பேர் இந்த ஒரு வேலையை நம்பித்தான் இங்க உக்காந்திருக்காங்க.” அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. “புதுசா பதிஞ்சுக்கட்டும்மா. வேலை வேலைதானே.”

சாயங்காலம் வீட்டில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வலது முழங்காலில் தைலம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அந்த முழங்கால் மூட்டை தூக்க ஆகாது என்றுதான் நாலு வருடத்துக்கு முன்னால் அவனை இறக்கும் பக்கத்திலிருந்து பெட்டி கட்டும் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

“நூத்திப் பன்னெண்டு தடவையா?” என்றான். “அப்பா செத்த மறுநாள்கூட வரலன்னு சொன்னதில்லையே நான்.”

அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். “கை வேணும்னு கேட்டே, குடுத்தாரு. ஆளையும் சேத்து அனுப்பிட்டியே பாப்பா.”

“விடுடி. வேணும்னா செஞ்சா?” என்றான் அண்ணன். தைலத்தை மூடி வைத்துவிட்டு, ஃபோனைப் பாப்பாவிடம் நீட்டினான். “புது ஆளுக்கு என்னென்ன கேக்குதோ கேளு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

அவளே வடிவமைத்த படிவம்தான். பெயர், வயது, முகவரி. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியதும் பக்கம் மெதுவாக மேலே நகர்ந்து அடுத்ததைக் காட்டியது. அந்த நகர்வுக்கு மட்டும் அவள் இரண்டு நாள் செலவழித்திருந்தாள். ‘இந்தக் கிடங்கில் முன் அனுபவம் உண்டா?’ என்று வந்தது. ‘உண்டு’ என்று தட்டினாள். பழைய எண்ணைக் கேட்டது. கொடுத்தாள். ‘மன்னிக்கவும், இந்த எண் முடிக்கப்பட்டது’ என்று, அவள் தேர்ந்தெடுத்த கனிவான எழுத்தில் சொல்லிவிட்டு முதல் கட்டத்துக்கே கொண்டுபோய் விட்டது.

மறுபடியும் பெயர், வயது, முகவரி. அதே கேள்வி. யாரையாவது கேட்கலாம் என்று அவள் விரல் தன்னால் வலது மூலைக்குப் போயிற்று. அங்கே வெறும் வெள்ளைதான் இருந்தது.

“என்ன கேக்குது?” என்றான் அண்ணன்.

“அங்க வேலை பாத்த அனுபவம் இருக்கான்னு.”

அவன் எட்டிப் பார்த்தான். அவள் கையிலிருந்த ஃபோனில் தானே தட்டினான். ‘இல்லை.’

பக்கம் ஏற்றுக்கொண்டது. நாளை காலை, இறக்கும் பிரிவு, இடம் மூன்று. ‘புதியவரே, வருக’ என்ற எழுத்துகளுக்குக் கீழே அந்தக் கை எழுந்து, வளைந்த சுண்டுவிரலோடு, துளித் தாமதமும் இல்லாமல் இரண்டு முறை ஆடியது.