நல்ல தண்ணியில் பொன்வண்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். எந்தப் படித்துறை என்று கேட்காதீர்கள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் கண்ணாடி பாட்டிலோடு குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் ஐஸ் பெட்டியைத் தூக்கியபடி தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"அண்ணாச்சி, பைய வாங்க. தண்ணியைக் கலக்கிராதீங்க," என்றார் அந்தப் பெண்.

முப்பது வருஷமாக அந்த ஆற்றைக் கலக்கிக்கொண்டிருப்பவன் நான். ஆனாலும் நின்றுவிட்டேன்.

"கிருமி பாக்கதுக்கா?"

"ஆமா. சாக்கடை எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கணும். நாளைக் கழிச்சு தெரிஞ்சிரும். வந்து கேளுங்க, சொல்லுதேன்."

பின்னால் நின்றவர் நிமிரவே இல்லை. பெட்டி தூக்கி வந்த ஆளுக்கு எதற்கு அவ்வளவு வெட்கம்? வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதும் அதே யோசனைதான். இந்தக் கதை அந்தத் தொங்கிய தலையிலிருந்து வந்தது.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"பொதிகையில் பிறந்து, தவழ்ந்து வரும் தாமிரபரணித் தாய்…" சீ! சுற்றுலாப் பலகை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

"நுண்ணுயிரியல் பேராசிரியை ஜெபகனி தன் ஆய்வகத்தில்…" எனக்கே கொட்டாவி வந்தது.

"இஸ்ரவேல் தன் மனைவியை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கையில் ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது." இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு ஜெபகனி என்று பேர் வைத்தேன். ஆற்றுத் தண்ணீரில் மனிதக் கழிவு எவ்வளவு கலக்கிறது என்பதே அவளுடைய வாழ்நாள் ஆராய்ச்சி. பெட்டிக்காரர் அவள் கணவன் இஸ்ரவேல். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். நீச்சல் தெரியாமல் ஒரு பையனும் பள்ளியை விட்டுப் போகக்கூடாது என்று வகுப்பையே ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனவன். (என் கதாபாத்திரம் என்பதால் 'அவன்' என்கிறேன். நேரில் பார்த்தால் 'சார்' என்றுதான் வாய் வரும்.)

கல்லூரிக் கண்காட்சியில் அவள் காட்டிய தட்டில், கழிவிலிருந்து வரும் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. கருத்த புள்ளிகள், சாய்த்துப் பார்த்தால் பச்சையாக மினுங்கும்.

"பொன்வண்டு மாதிரில்லா இருக்கு!" என்றான் இஸ்ரவேல்.

அடுத்த வாரம் தீப்பெட்டிக்குள் நிஜப் பொன்வண்டு* ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தக் கிருமிக்குப் பேரே பொன்வண்டுதான். அப்போதெல்லாம் படித்துறைத் தண்ணீரில் ஒரு பொன்வண்டைத் தேடிப்பிடிக்க அவள் படாத பாடு படுவாளாம். தேடி அலுத்தால் இருவரும் படியில் உட்கார்ந்து, அதே ஆற்றை இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பார்களாம். இதை எழுதும்போது என் தொண்டைக்குள் அந்தக் குளிர்ச்சி இறங்கியது. எத்தனை வருஷம் ஆயிற்று அப்படிக் குடித்து! ஏக்கமாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது?

* தீப்பெட்டியில் இலை போட்டு, முட்டையிடுமா என்று அரைமணிக்கொரு தரம் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் பாவம்.

3

இனிக் கதை.

ஜெபகனிக்கு முட்டுவலி. படி இறங்க முடியவில்லை. இஸ்ரவேலோ ஒருநாளும் ஆற்றுக் குளிப்பை விட்டவன் இல்லை. கொதிக்க வைத்து எடுத்த பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

"முழங்கை முங்குத ஆழத்துல பிடிங்க. வாய் மேக்க பாத்து, தண்ணி வரத்தைப் பாத்து இருக்கணும். சொல்லிட்டேன், இந்தத் தடவை தட்டு நெறையப் பொன்வண்டு இருந்துச்சுன்னா நீங்க ஆத்துக் குளிப்பை விட்டுரணும்."

"சரி, சரி," என்றான் இஸ்ரவேல்.

ஆற்றங்கரைவரை போனான். படியில் உட்கார்ந்தான். ஆறு போனால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தான். வெறும் பாட்டிலோடு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து, அடுக்களைக் குடத்தில் இருந்த நல்ல தண்ணியை அதில் ஊற்றி, 'படித்துறை' என்று எழுதி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டான்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். கிருமி ஆராய்ச்சி செய்கிறவள் வீட்டில் வடிகட்டும் மெஷின் இருக்காதா? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க மாட்டார்களா? சென்னை நண்பர் ஒருவர் நம்பவே மாட்டேன் என்றார். திருநெல்வேலிக்காரர்கள் நம்புவார்கள். உப்புத் தண்ணி புழங்குவதற்கு, நல்ல தண்ணி குடிப்பதற்கு. குழாயில் வருவது தாமிரபரணி, அதற்குப் போய் மெஷின் மாட்டுவதா என்ற திமிர் இங்கே படித்தவர்களுக்கும் உண்டு. ஜெபகனி குழாய் போட்ட புதிதில் சோதித்துப் பார்த்திருந்தாள். சுத்தமாக இருந்தது. அதோடு விட்டுவிட்டாள். 'நல்ல' என்று பேரிலேயே இருக்கும்போது யார் மறுபடி சந்தேகப்படுவார்கள்?

4

மறுநாள் சாயங்காலம் தட்டோடு வந்தாள். முகம் செத்திருந்தது.

"பாருங்க."

தட்டில் இடமே இல்லை. பச்சைப் பச்சையாக மினுங்கிற்று.

"நம்ம ஆறுங்க," என்றாள். அழுதுவிட்டாள். "நாம குடிச்ச ஆறு."

இஸ்ரவேல் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இது ஆறு இல்லை. இது அடுக்களைக் குடம். போன மாதம் தெருவைத் தோண்டிக் குழாய் பதித்து மூடினார்களே, அதில் எங்கோ சாக்கடை கசிந்து கலந்திருக்கிறது.

வீட்டில் மகள் ரீபா இருக்கிறாள். பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு நாளாக வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவள் குடிப்பதும் அதே குடத்துத் தண்ணிதான்.

5

முடிவு ஒன்று: இஸ்ரவேல் வாயைத் திறக்காமல் கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி வருகிறான். "பிள்ளைக்கு நல்லது" என்கிறான். மகள் பிழைத்தாள். ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: "ஆத்துத் தண்ணியில மண்டி இருக்குமே, இது எப்படி இவ்வளவு தெளிவா இருந்துச்சு?" என்று ஜெபகனியே கண்டுபிடிக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் இஸ்ரவேல் தன் வாயால் சொல்லாமலே தப்பித்துவிடுகிறான். அதனால் அவள் நேராக ஆற்றுக்கே போய்…

இந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். நீங்கள் கவனித்தீர்களா? இவ்வளவு பக்கத்தில் ஒருவரும் ஆற்றைச் சோதிக்கவே இல்லை. பாட்டிலை மாற்றியது இஸ்ரவேலா? இல்லை வே, நான்! அந்தப் பெண் வந்து கேட்கச் சொன்னாரே, நான் போய்க் கேட்கவே இல்லை. படித்துறைத் தட்டு எப்படி இருக்குமோ என்று எனக்குப் பயம். அதனால்தான் கதையைக் குடத்துக்குள் திருப்பிவிட்டிருக்கிறேன்.

6

முடிவு மூன்று: மறுநாள் மத்தியானம். ரீபா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு தம்ளர் நல்ல தண்ணி தாங்கப்பா. சென்னையில என்ன குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்கு."

இஸ்ரவேல் தம்ளரைக் குடத்துக்குள் விட்டான். மொண்டான். அப்படியே தொட்டியில் கொட்டினான்.

"என்னப்பா?"

"குடிக்காதம்மா."

ஜெபகனி உள்ளேயிருந்து வந்தாள். "ஏன், அதுக்கு என்ன?"

"ஜெபா… அந்த பாட்டில்ல இருந்தது ஆத்துத் தண்ணி இல்ல. இந்தக் குடத்துத் தண்ணி. நான்தான் மாத்தி வச்சேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. முதலில் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். ரீபாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "யாரும் குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க" என்று தெரு முழுக்க வீடு வீடாகச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வந்து உட்கார்ந்தாள்.

"ரீபாவுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இஸ்ரவேல் அழுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, உங்களுக்காக நானே அந்த ஆத்தைச் சோதிக்காம விட்டிருப்பேன். அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஜெபகனி. "நாளைக்கு நானே வாரேன். நீங்க பெட்டியை மட்டும் தூக்கிட்டு வாங்க."

"படி எறங்கணும், முட்டு வலிக்குமே."

"வலிக்கட்டும்."

7

அந்தத் தலை ஏன் தொங்கியது என்று இப்போது தெரிகிறதா?

அவர்கள் படியில் இறங்கி வருகிறார்கள். அவள் சேலையைச் செருகிக்கொள்கிறாள். அவன் பெட்டியோடு பின்னால் நிற்கிறான். தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கிறுக்குப் பயல் நான். பைய வரச் சொல்கிறாள். கலக்க வேண்டாம் என்கிறாள். பாட்டில் வாய் மேற்கே திரும்புகிறது. இந்தத் தடவை நிஜமான ஆறு அதற்குள் போகிறது.

தட்டை நான் திறக்கமாட்டேன். என் கை சுத்தமில்லை. எனக்குச் சாதகமாகத்தான் எழுதும். உங்களில் யாராவது போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், பொன்வண்டு எத்தனை என்று. நீங்கள் வரும்வரை இந்த இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நிற்கிறேன்.